முப்பத்து நான்கு மூக்குகள்

ஜூலை 8, திங்கள்

ஏழாம் வகுப்பில் இன்று ஒருவன் பிளாஸ்டிக் முகமூடியோடு வந்து நின்றான். புலி முகம். விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. "அம்மா வாங்கிக் குடுத்தாங்க டீச்சர். அவங்களுக்கு நேரமில்லையாம்."

நான் சொன்னது என்ன? தினமும் பார்க்கிற ஒருவருடைய முகத்தைக் காகிதக்கூழில் நீங்களே செய்ய வேண்டும், அதுவும் இங்கே, வகுப்பிலேயே. இவன் தினமும் புலியையா பார்க்கிறான்? கேட்டேவிட்டேன். "இல்ல டீச்சர், எங்கம்மாவைத்தான் பார்க்கிறேன்" என்றான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு புலியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே அந்தக் கடை இருக்கிறவரை எனக்கு விடிவு கிடையாது. எரிமலை, காற்றாலை, சூரியக் குடும்பம், எல்லாம் தெர்மாகோலில் தயாராகத் தொங்குகின்றன. பிள்ளையின் பெயரை எழுத மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறான், மகராசன். பதினாறு வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். என் அறையில் ஒரே சட்டம்தான்: பெரியவர்கள் கை படக்கூடாது. கோணலோ மாணலோ, பிள்ளை செய்ததாக இருக்க வேண்டும். இதை ஒவ்வொரு வருடமும் முதல் நாளே கரும்பலகையில் எழுதுகிறேன். பெற்றோர் கூட்டத்தில் தொண்டை கிழியச் சொல்கிறேன். புலி வருகிறது.

ஜூலை 10, புதன்

ஊதிய பலூனின் ஒரு பாதியில் செய்தித்தாள் துண்டுகளை மைதாப் பசையில் நனைத்து ஒட்டி, ஐந்து அடுக்கு முடிந்துவிட்டது. பலூனை உடைத்ததும் முப்பத்து நான்கு ஓடுகள். இன்று கூழ் வைத்துக் கண்மேடு, உதடு, காது, மூக்கு.

மூக்குதான் தொல்லை. கூழில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் சரிந்துவிடும். பாதிப் பேருக்கு மூக்கு என்பது நெற்றியிலிருந்து தொங்கும் ஒரு கத்தரிக்காய். ஒருத்தி தன் அத்தைக்கு இரண்டு ஓட்டையைப் போட்டுவிட்டு முடிந்தது என்றாள். ஆனால் என்ன உற்சாகம்! யாரும் வெளியே போக அனுமதி கேட்கவில்லை. கண்காட்சிக்காக இந்த மாதம் விளையாட்டு பீரியடுகளையும் நானே வாங்கிக்கொண்டிருக்கிறேன், அதற்குக்கூட யாரும் முனகவில்லை. இரட்டைச்சுழி (தலையில் இரண்டு சுழி உள்ளவள், பேச்சு குறைவு, கை மட்டும் சும்மா இருக்காது) தன் அப்பாவைச் செய்கிறாள். முன்பற்களால் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிமிரவே இல்லை.

கடைசி மணிக்குப் பிறகு அரை மணி நேரம் இருந்து, சரிந்ததை எல்லாம் நிமிர்த்திவிட்டு வந்தேன். ஈரத்தில் அப்படியே விட்டால் காலையில் மூக்கு வாய்க்கு வந்துவிடும். கட்டைவிரலால் இரண்டு பக்கமும் ஒரு தடவு, அவ்வளவுதான்.

ஜூலை 11, வியாழன்

ஆசிரியர் அறையில் இன்று நடந்ததை எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

இருபத்தேழாம் தேதி கண்காட்சி. பெற்றோர், கல்வி அதிகாரி, புகைப்படக்காரர் எல்லாம் வருகிறார்களாம். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "உங்க மாஸ்க் எல்லாம் ஃபினிஷிங்கோட இருக்கணும். போன வருஷம் மாதிரி அழுக்கு உருண்டையா இருக்கக்கூடாது" என்றார். போன வருடம் களிமண் பானை. களிமண் அழுக்காக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

அப்போதுதான் கணக்கு டீச்சர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். ஏழாம் வகுப்புக்கு ஓவியம் வாரத்தில் இரண்டு பீரியட் எதற்கு, ஒன்றைத் தனக்குக் கொடுத்தால் பின்தங்கியவர்களைத் தூக்கிவிடலாமே என்று. பதினோரு வருடமாக என் பக்கத்து மேசை. என் சாப்பாட்டு டப்பாவில் கை விடாத நாளில்லை. ஹெச்.எம். உடனே மறுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. "இருபத்தேழாம் தேதி பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

ஆக, ஒரு பீரியட் இந்த முகமூடிகளின் கையில் இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லப் போவதில்லை.

ஜூலை 15, திங்கள்

கூழ் காய்ந்துவிட்டது. வண்ணம் தொடங்கினோம்.

இரட்டைச்சுழி தூரிகையைத் தொடவில்லை. முகமூடியை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். "என்னம்மா?" என்றேன். தலையை ஆட்டினாள். "உடம்பு சரியில்லையா?" அதற்கும் தலையாட்டல். எந்தக் கேள்விக்கு ஆமாம், எதற்கு இல்லை என்றே தெரியாத ஒரு தலையாட்டல். வகுப்பிலேயே நல்ல கை இவளுடையது. மற்ற நேரமாக இருந்தால் விட்டிருப்பேன். இருபத்தேழாம் தேதியை வைத்துக்கொண்டு இவள் இப்படிச் செய்தால் எனக்கு எப்படி இருக்கும்?

ஜூலை 16, செவ்வாய்

இன்றும் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திமிர். வேறென்ன?

ஜூலை 18, வியாழன்

காலை வேளையிலேயே சண்டை.

ஹெச்.எம். ஒரு ஆளைக் கூட்டி வந்திருக்கிறார். பள்ளிக்கூடச் சுவர்களில் காடு, கடல், கிரகம் எல்லாம் வரைகிறவர். கையில் ஸ்ப்ரே துப்பாக்கி, காதில் ஓயாமல் போன். நடைபாதைச் சுவரில் ஒரு காடு வரைய வந்தவரை அப்படியே என் அறைக்கும் தள்ளிக்கொண்டு வந்து, "இந்த மாஸ்க் எல்லாத்துக்கும் ஒரே தங்கக் கலர் அடிச்சுடுங்க, பளபளன்னு இருக்கும்" என்கிறார். என் கண் முன்னால்! பிள்ளைகள் கலந்து கலந்து ஒவ்வொரு தோலுக்கும் ஒரு நிறம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தி தன் மாமாவின் கன்னத்து நிறம் வருவதற்காக ஏழு தடவை கலந்தாள். அதன்மேல் தங்கமா?

விடவில்லை. கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். "மேடம், இதுல பெரியவங்க கை பட்டா இது பிள்ளைங்க வேலையே இல்லை. கடையில வாங்கின எரிமலைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். குரல் எங்கேயோ உயர்ந்துவிட்டது. பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது எனக்கே கேட்டது. ஹெச்.எம். முகம் சிவந்து, "சரி, உங்க இஷ்டம். ஆனா அசிங்கமா இருந்தா நான் பொறுப்பில்லை" என்று போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன். வந்த வேகத்தில் ஒரு அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி அறை வாசலில் மாட்டினேன்: "முழுக்க முழுக்க மாணவர்களின் கைவேலை. பெரியவர்கள் கை படாதது."

இதற்கிடையில் இரட்டைச்சுழி. வண்ணம் தீட்டாதது அவளுடையது ஒன்றுதான். அவள் குறிப்பேட்டில் எழுதி அனுப்பிவிட்டேன்: பெற்றோர் வந்து பார்க்கவும், செவ்வாய் மதியம் மூன்று மணி.

ஜூலை 19, வெள்ளி

அந்த ஸ்ப்ரேக்காரன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான்?

எழுதிக்கொண்டே வரும்போதே மரியாதை போய்விட்டது. போகட்டும்.

நடைபாதையில் காடு வளர்ந்துகொண்டிருக்கிறது. யானை, மான், குரங்கு, எல்லாவற்றுக்கும் ஒரே கண். கீழே ஒரு வெள்ளைப் பிறை, நடுவில் ஒரு புள்ளி. மதியம் டீ குடித்துக்கொண்டே என் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அட்டையைப் படித்தார். உள்ளே வந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு சிரித்தார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இதுல ஏற்கெனவே ஒரு பெரியவங்க கை இருக்கே."

"யார் கை?"

"யார் கையோ. கண்ணெல்லாம் வேற வேற. வாயும் வேற வேற. மூக்கு மட்டும் முப்பத்து நாலும் ஒரே மூக்கு."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "நீங்க வரைஞ்ச காட்டுல எல்லா மிருகத்துக்கும் ஒரே கண்ணுதான். அதை முதல்ல பாருங்க" என்றேன்.

கோபப்படவில்லை அந்த ஆள். "ஆமாம் டீச்சர். நான் கூலிக்கு வரையறேன், ரெண்டே நாள்ல முடிக்கணும். ஆனா இது பசங்க வரைஞ்சதுன்னு நான் போர்டு மாட்டலையே" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

என்ன வாய்! நேற்று வந்த ஆள், பதினாறு வருடம் பாடம் நடத்துகிறவளுக்கு வந்து சொல்கிறான். மூக்கென்றால் மூக்கு மாதிரித்தானே இருக்கும்?

ஜூலை 20, சனி

விடுமுறை. வீட்டைத் துடைக்கிறேன் என்ற பெயரில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார், சொன்னேன்.

இவர் பல் செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் பட்டறையில் உட்கார்ந்து பல்லைக் கோப்பார். எல்லாவற்றையும் பல்லிலிருந்து பார்க்கிற மனிதர். "நான் எப்பவும் பழைய போட்டோ கேட்டு வாங்கிப்பேன்" என்றார். "முன்னாடி பல்லு கொஞ்சம் கோணலா இருந்திருந்தா கோணலாத்தான் வைப்பேன். ஆரம்பத்துல நேரா வெச்சுக் குடுத்தேன். ஒரு பெரியவர் போட்டுட்டு வீட்டுக்குப் போனா பொண்டாட்டி பக்கத்துல உக்கார மாட்டேங்குதாம், யாரோ மாதிரி இருக்காம். கழட்டிக் கொண்டுவந்து மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டார்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும்? நீதான் மூக்கைப் பத்திச் சொன்னே."

போய்த் துணி துவைத்தேன். நான் நிமிர்த்தித்தானே வைத்தேன்? சரிந்ததைத் தூக்கிவிடுவது திருத்துவதா? விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டால் நான் அதற்காக நடந்தேன் என்று அர்த்தமா?

ஜூலை 22, திங்கள்

ஏழு மணிக்கே பள்ளிக்குப் போய்விட்டேன். காவலாளி ஆச்சரியமாகப் பார்த்தார். முகமூடிகளை எல்லாம் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து ஒவ்வொன்றிலும் கண்ணை மூடினேன், வாயை மூடினேன், மூக்கை மட்டும் பார்த்தேன்.

ஒரே மூக்கு.

நுனியில் அதே சின்ன உருண்டை. மேலே அதே நேர்கோடு. இரண்டு பக்கமும் அதே பள்ளம், என் கட்டைவிரல் அகலம். வைத்துப் பார்த்தேன், பொருந்துகிறது. முப்பத்து நான்கிலும் பொருந்துகிறது. அத்தை, மாமா, பால்காரர், பஸ் டிரைவர், எதிர்வீட்டுக் குழந்தை. குழந்தைக்குமா!

யார் மூக்கு இது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். என் மூக்கில்லை. என்னுடையது கிழங்கு. கடைசியில் பிடிபட்டது. பயிற்சிக் கல்லூரியில் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டர் தலை இருக்கும். இரண்டு வருடம் அதைத்தான் வரைந்தோம், முன்னாலிருந்து, பக்கவாட்டில், கீழிருந்து. மூக்கு சரியாக வரும்வரை எங்கள் மாஸ்டர் கிழித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். அந்த மூக்கு. இருபது வருடம் கழித்து ஊரில் இருக்கும் எல்லார் முகத்திலும் கொண்டு வந்து ஒட்டியிருக்கிறேன். எனக்கே தெரியாமல். கடைசி மணிக்குப் பிறகு அரை மணி நேரம் இருந்து, ஓவர்டைம் கேட்காமல்!

பதினாறு வருடமாக இப்படித்தானா? பானைகளின் வாய், துணிப்பொம்மைகளின் சிரிப்பு, போன வருடம் பரிசு வாங்கிய அந்த மயில் — எதையெல்லாம் "கொஞ்சம் நிமிர்த்தி" வைத்தேன்? ஞாபகப்படுத்திப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அத்தனை பேரிலும் ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லையே. சொல்லியிருக்க வேண்டாமா? ஏன் சொல்லவில்லை? நான்தான் கத்துவேனே. யார் சொல்வார்கள்?

அட்டை மட்டும் வாசலில் பெரிதாகத் தொங்குகிறது. கழற்றத்தான் கை போனது. மணி அடித்துவிட்டது.

ஜூலை 23, செவ்வாய்

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு வரச் சொன்னவர் இரண்டே முக்காலுக்கே வந்து வாசலில் நின்றார். இரட்டைச்சுழியின் அப்பா. லேத் பட்டறையில் வேலை. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறார், நகக்கண்ணில் கிரீஸ். நான் ஏதோ குறிப்பேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். "வாங்க, உக்காருங்க" என்று நிமிர்ந்தேன்.

அவர் மூக்கு நடுவில் நசுங்கியிருக்கிறது. அங்கே ஒரு பள்ளம், அதிலிருந்து இடது பக்கம் திரும்பிப் போகிறது. நுனி கிட்டத்தட்ட கன்னத்தைப் பார்க்கிறது.

பத்தாம் தேதி மாலை நான் நிமிர்த்தியது இதைத்தான். சரிந்துவிட்டது என்று நினைத்து. நன்றாக ஞாபகம் இருக்கிறது, மற்றவற்றைவிட இதற்கு நேரம் அதிகம் எடுத்தது. அழுத்தமாக வைத்திருந்தாள். நனைத்து நனைத்துத்தான் திருப்ப முடிந்தது.

"என்ன தப்பு பண்ணுச்சு டீச்சர்? வீட்டுல கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. ரெண்டு வாரமா சரியாச் சாப்பிடறதும் இல்லை."

சொல்ல வேண்டியதை எல்லாம் முந்தாநாளே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அடம், ஒழுங்கு, வகுப்பின் மானம். அதையெல்லாம் விட்டுவிட்டு, "அவ ஒண்ணும் பண்ணலைங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மகள் செய்ததைப் பார்க்கலாமா என்று கேட்டார். முடியாது என்று எப்படிச் சொல்வது? எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் மூக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நானா இது? நல்லாத்தான் இருக்கு டீச்சர். என் கல்யாண போட்டோவுல இப்படித்தான் இருப்பேன். கம்பி தெறிச்சதெல்லாம் அதுக்கப்புறம்தான். இது பொறக்கறதுக்கு முன்னாடி."

அப்போதுதான் கவனித்தேன், வகுப்பிலிருந்து கூப்பிட்டனுப்பிய இரட்டைச்சுழி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். "அது நீ இல்லப்பா" என்றாள்.

"ஏன், அப்பா அழகா இருந்தா உனக்குப் பிடிக்காதா?" என்று சிரித்தார்.

"நான் உன்னைத்தான் செஞ்சேன். டீச்சர் வேற யாரையோ செஞ்சுட்டாங்க."

குரலை உயர்த்தவே இல்லை. அழவும் இல்லை. வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான்தான் மாற்றினேன் என்று அவரிடம் சொன்னேன். சரிந்துவிட்டதென்று நினைத்தேன் என்றும் சொன்னேன், அது பாதிதான் உண்மை. அவர் எனக்காகக் கூச்சப்பட ஆரம்பித்துவிட்டார். "பரவாயில்லை டீச்சர், நல்லதுக்குத்தானே பண்ணீங்க." போகும்போது என்னைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். அரை நாள் சம்பளம் போயிற்று அந்த மனிதருக்கு. திட்டிவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நல்லதுக்குத்தானே! எதிர்க்கடைக்காரனும் நல்லதுக்குத்தான் விற்கிறான். தங்க நிறமும் நல்லதுக்குத்தான். எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்துக்கு இந்த நோட்டைக் கிழித்துப் போட்டால்கூட ஆறாது. அவளைத் திமிர் என்று எழுதினேன், இரண்டு பக்கம் முன்னால் இருக்கிறது. அதை அடிக்கக்கூடாது, இருக்கட்டும்.

ஜூலை 24, புதன்

முதல் பீரியடே சொல்லிவிட்டேன். "உங்க மூக்கெல்லாம் நான் மாத்தியிருக்கேன். நீங்க வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம். கேக்காம செஞ்சது தப்பு."

யாருக்கும் ஆச்சரியம் இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. எல்லாருக்கும் தெரியும்! "நாங்க டீச்சர்னா அப்படித்தான் செய்வாங்கன்னு நினைச்சோம்" என்றாள் முன்வரிசைக்காரி ஒருத்தி. ஏழு தடவை நிறம் கலந்தவள் அவள்தான்.

பின்னாலிருந்து புலிக்காரன் எழுந்தான். "டீச்சர், அப்ப உங்களையும் பீரோவுல வெச்சுப் பூட்டணுமா?"

கொல்லென்று சிரிப்பு. வேறொரு நாளாக இருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன். "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்று கொடுத்தேவிட்டேன்.

யாருக்கு மாற்ற வேண்டுமோ மாற்றலாம் என்றேன். முப்பத்தொரு பேர் மூக்கைத் தண்ணீரில் நனைத்துச் சுரண்டி எடுத்தார்கள். மூன்று பேர் டீச்சர் மூக்கே நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்றார்கள். அது அவர்கள் இஷ்டம். பால்காரருக்கும் பஸ் டிரைவருக்கும் மறுபடி மூக்கில்லை. அறை முழுவதும் மூக்கில்லாத முகங்கள்.

நான் மேசையில் உட்கார்ந்து கூழ் மட்டும் பிசைந்து கொடுத்தேன். இரட்டைச்சுழி வந்து ஒரு பிடி வாங்கிக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 25, வியாழன்

மழை. எதுவும் காயவில்லை.

ஹெச்.எம். உள்ளே வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார். "நாளைக்கு மறுநாள் கண்காட்சி. போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? யார் பிச்சு வெச்சது?"

"நான்தான் மேடம்."

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

மூக்கின் கதையைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் குழம்பியது. "ஹெல்ப் பண்றதுதானே டீச்சர் வேலை? இதுல என்ன பெரிய குத்தம்?" என்றார். நியாயமாகவே கேட்டார். போன வாரம் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். பதிலுக்குக் கத்திவிட்டேன். அவரும் கத்தினார். மழை எங்கள் இருவரையும்விடச் சத்தமாகப் பெய்தது.

ஜூலை 26, வெள்ளி

நான்கு மேசை விசிறி, வீட்டிலிருந்து கொண்டுபோன தலை உலர்த்தி ஒன்று. பட்டறையிலிருந்து இவர் ஒரு சூடு விளக்கு கொடுத்தனுப்பினார். முகமூடிகளைத் திருப்பித் திருப்பி வைத்தே நாள் போயிற்று. விளிம்பை மட்டும் பிடித்து.

ஜூலை 27, சனி

கண்காட்சி முடிந்தது.

காலையில் முதல் வேலையாக அந்த அட்டையைக் கழற்றி வேறொன்று எழுதி மாட்டினேன்: "முப்பத்தொரு மூக்குகள் மாணவர்களுடையவை. மூன்று மூக்குகள் ஓவிய ஆசிரியையுடையவை. இன்னும் காயவில்லை, தொடாதீர்கள்." ஸ்ப்ரேக்காரர் மீதிப் பணம் வாங்க வந்தவர், படித்துவிட்டு அட்டையின் சரிந்த மூலையை ஒரு ஆணி வைத்து அடித்துக் கொடுத்தார். நன்றி என்று மட்டும் சொன்னேன், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு.

மூக்குகளுக்கு வண்ணம் போட முடியவில்லை. ஈரச் சாம்பல் நிறம். அதிகாரி வந்து இரண்டு நிமிடம் நின்றார். "இதெல்லாம் முடிஞ்சதா, இல்ல முடியணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் பஸ் டிரைவரின் மூக்கு மேசைமேல் விழுந்தது. அறிவியல் மேசையில் இருந்த ரோபோவோடு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெற்றோர் வேறு மாதிரி பார்த்தார்கள். புலிக்காரனின் அம்மா தன் முகத்தின் முன்னால் நின்று, "என் மூக்கு இவ்வளவு பெருசாடா?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு தோழிக்குப் போன் செய்து, "உடனே வா, வந்து பாரு இந்தக் கொடுமையை" என்றார். போகிற வரைக்கும் அந்த மேசையைவிட்டு நகரவில்லை. ஒரு பால்காரர் நிஜமாகவே வந்திருந்தார், யார் சொன்னார்களோ.

இரட்டைச்சுழியின் அப்பா தாமதமாக வந்தார், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு. அவளுடைய முகமூடியில் தோல் வண்ணமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் செய்தித்தாள் எழுத்துகள் தெரிகிற முகம். நடுவில் அந்த மூக்கு. பள்ளம் இருந்தது. அதற்குள் ஒரு சின்னத் தழும்புக் கோடு இருந்தது, செவ்வாய்க்கிழமை இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தும் நான் அதைப் பார்க்கவில்லை. மக்கள் முகமூடியைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். புகைப்படக்காரர் கூப்பிட்டதும் பழக்கத்தில் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அவள் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பிவிட்டாள்.

நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அழுதேன்.

ஜூலை 29, திங்கள்

ஒரு பீரியட் போய்விட்டது. இந்த வாரத்திலிருந்து வியாழன் கணக்கு. "இருக்கிற ஒண்ணுல சார்ட் வரைங்க, போதும். சுத்தமா இருக்கும்" என்றார் ஹெச்.எம். அதிகாரியின் அறிக்கையில் "முழுமை பெறாத கைவினைப் பொருட்கள்" என்று ஒரு வரி இருக்கிறதாம். எனக்கு வாசித்தும் காட்டினார்.

கணக்கு டீச்சர் மதியம் என் பக்கம் திரும்பாமலே, "நான் கேக்கலைன்னா சயின்ஸ் டீச்சர் கேட்டிருப்பாங்க" என்றார். டப்பாவை மூடி வைத்துவிட்டேன். இன்று அவருக்குக் கிடையாது. நாளைக்கும் கிடையாது.

நான் செய்தது தப்பு, அதற்காக இவர்கள் செய்வது சரியாகிவிடுமா? பிள்ளைகள் ஒரு மூக்கைத் தாங்களே செய்து முடிக்க எட்டு பீரியட் ஆயிற்று. அதிகாரிக்கு இரண்டு நிமிடம். எத்தனை பக்கம் எழுதினாலும் இந்த எரிச்சல் அடங்காது போலிருக்கிறது.

மதிய இடைவேளையில் ஓவிய அறை திறந்திருக்கும், விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மதியம் நான்கு பேர் வந்தார்கள். அவள் வரவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

ஒன்பது பேர். கம்பியில் மிருகங்கள் செய்கிறார்கள். ஒருவனுடைய ஒட்டகத்துக்குத் திமில் வயிற்றுப் பக்கம் இருக்கிறது. சொல்ல வாயெடுத்து, போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன். கை பரபரக்கிறது. சொறி பிடித்தவள் மாதிரி இரண்டு கையையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே நிற்கிறேன். இதைவிடப் பாடம் நடத்துவது சுலபம்.

அவள் இன்றும் வரவில்லை. கூப்பிட்டனுப்பவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பதினோரு பேர். மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது, இரட்டைச்சுழி. டப்பாவிலிருந்து கம்பியும் குறடும் எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். நான் என் மேசையை விட்டு எழவில்லை. எழக்கூடாது என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான்கு கால் வந்தது, நான்கும் நான்கு நீளம். நிற்க வைத்தாள், விழுந்தது. மறுபடி வைத்தாள், விழுந்தது. ஐந்தாவது தடவை அதைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? நான் வாலைக் கட்டணும்."

"இப்படியா?"

"இப்படியேதான். அழுத்தாதீங்க."

பிடித்துக்கொண்டேன். அவள் வாலைக் கட்டினாள், பிடிக்கவில்லை, அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவில்லை, பசித்தது. அது நாயா கழுதையா என்று நான் கேட்கவில்லை. மணி அடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.